இது யாருடைய மேசை? இசை மென்பொருட்களின் முகம் மாறிவந்த கதை

இசை செய்யும் மென்பொருள் ஒன்றைத் திறந்து பாருங்கள். எஃப்.எல். ஸ்டூடியோ, கியூபேஸ், லொஜிக், ஏபிள்டன், எதுவாக இருந்தாலும் சரி. மேலே முக்கோணம் போட்ட ஒரு பட்டன், பக்கத்தில் சதுரம், அதுக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம். மிக்சரைத் திறந்தால் ஏற்றி இறக்கும் ஃபேடர்கள் வரிசையாக நிற்கும். சுரம் எழுதும் ஜன்னலைத் திறந்தால் பியானோ ஒன்று இடப்பக்கம் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும்.

இதில ஒண்டுமே கொம்பியூட்டரோட பிறந்தது இல்லை. முக்கோணமும் சிவப்பு வட்டமும் டேப் ரெக்கோடரில் இருந்து வந்தவை. ஃபேடர்கள் பெரிய ஒலிப்பதிவுக்கூட மேசையில் இருந்து வந்தவை. நிமிர்ந்து நிற்கும் பியானோ நூறு வருஷத்துக்கும் பழைய ஒரு காகிதச் சுருளில் இருந்து வந்தது. மென்பொருளைச் செய்தவர்களின் அறையில் ஏற்கெனவே இருந்த மேசையைத்தான் அவர்கள் திரையில் வரைந்தார்கள். அந்த மேசையில் இருந்து பழகியவருக்கு மென்பொருள் உடனே விளங்கும். அந்த மேசையைக் கண்ணாலும் காணாதவருக்கு அது இன்னொரு வீட்டுச் சாமான்.

எங்களில் அனேகமானோர் இரண்டாவது வகை. கப்பல்துறைப் பக்கம் எங்கட வயசுக்காரர் பலர் மிக்சரின் படத்தைப் பார்த்த பிறகுதான் உண்மையான மிக்சரைப் பார்த்தவர்கள். சிலர் இன்னமும் பார்க்கவில்லை. ஆனபடியால் "இசை மென்பொருட்களின் இடைமுகத்தை நவீனமாக்குகிறார்கள்" என்று கேள்விப்படும்போது எங்களுக்கு இரண்டு கேள்வி வருகிறது. யாருடைய மேசையை எடுத்துவிட்டு யாருடைய மேசையைப் போடுகிறார்கள்? அதில் எங்களுக்கு ஒரு கதிரை இருக்குதா? இந்தக் கட்டுரை அந்த மேசைகளின் வரலாறு.

காகிதச் சுருளும் கட்டமும்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தானாக வாசிக்கும் பியானோக்கள் வந்தன. 1895 அளவில் எட்வின் வோட்டே செய்த பியானோலா அதில் பேர் போனது. ஒரு நீளக் காகிதச் சுருளில் துளைகள் குத்தியிருப்பார்கள். சுருள் ஓட ஓட, துளை வரும் இடத்தில் காற்று புகுந்து அந்தக் கட்டையை இயக்கும். துளை எந்த இடத்தில் இருக்கிறதோ அது சுரம். எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம். இன்றைக்கு எல்லா மென்பொருளிலும் 'பியானோ ரோல்' என்று ஒரு ஜன்னல் இருக்கிறதே, பெயரே அந்தச் சுருளின் பெயர்தான். படுக்கையில் நேரம், நிலைக்குத்தில் சுரம், நடுவில் நீள்சதுரக் கட்டைகள். வடிவம் மாறவே இல்லை.

இதைக் கொம்பியூட்டர் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடிகள் அவுஸ்திரேலியாவின் ஃபேர்லைட் நிறுவனத்தார். 1979இல் வந்த அவர்களின் கருவியில் திரையிலேயே ஒளிப்பேனாவால் தொட்டு வேலை செய்யலாம். 1980களின் தொடக்கத்தில் அதில் சேர்ந்த 'பக்கம் ஆர்' என்ற திரையில் தாளத்தை இடமிருந்து வலமாகக் கட்டங்களில் அடுக்க முடிந்தது. விலையோ ஒரு வீட்டின் விலை.

அடுத்த படி 1983. எங்கட நாட்டில் 1983 எண்டால் முதலில் ஞாபகம் வருவது ஜூலை. அதே வருஷம் ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு வாத்தியக் கண்காட்சியில், அமெரிக்கக் கம்பனி ஒன்றின் கீபோர்டையும் ஜப்பானின் ரோலண்ட் கீபோர்டையும் ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் அழுத்த மற்றது ஒலித்தது. அதுதான் மிடி. டேவ் ஸ்மித்தும் இகுதாரோ ககெஹாஷியும் முன்னின்று கொண்டுவந்த அந்த ஒப்பந்தம் சுரத்துக்கு 0 முதல் 127 வரை இலக்கம் கொடுத்தது. ஒரு இலக்கம், ஒரு கட்டை. இரண்டு கட்டைக்கு நடுவே உள்ளதை எழுத 'வளைவு' என்று தனியாக ஒரு கட்டளை. அந்த வளைவும் ஒரு சுரத்துக்கு மட்டும் போகாது, அந்த அலைவரிசையில் ஒலிக்கும் எல்லாச் சுரத்தையும் சேர்த்து வளைக்கும். பியானோ வாசிப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. நாகஸ்வரம் வாசிப்பவருக்கு இதுதான் பிரச்சினையே.

1984இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கார்ல் ஸ்டெயின்பர்க், மன்ஃப்ரெட் ரூரப் என்ற இருவர் ஒரு கம்பனியைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் வந்த அட்டாரி எஸ்.டி. என்ற வீட்டுக் கொம்பியூட்டரில் மிடி வயர் செருகும் துளை உடம்பிலேயே இருந்தது. மேசை தயார். 1989இல் ஸ்டெயின்பர்க் கம்பனியின் கியூபேஸ் வந்தது. பாடல் முழுவதையும் ஒரே திரையில், தடங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக, நேரம் இடமிருந்து வலமாக ஓட, துண்டு துண்டாக எடுத்து இடம் மாற்றி வைக்கலாம். இன்றைக்கு நாங்கள் 'இப்பிடித்தானே இருக்கும்' என்று நினைக்கும் திரை பரவலாகத் தொடங்கியது அதோடுதான்.

இதில் எங்கட ஊருக்கு ஒரு விசித்திரமான பங்கு இருக்கிறது. ஸ்டெயின்பர்க் தொடங்கிய அதே 1984இல் ஜெர்மன் வானொலியான டொய்ச் வெல்லெயின் அஞ்சல் நிலையம் திருகோணமலையில் இயங்கத் தொடங்கியது. 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறும்வரை ஜெர்மனியில் இருந்து வந்த ஒலி எங்கட மண்ணில் நின்ற கம்பங்களில் ஏறி ஆசியா முழுக்கப் போனது. அதே ஜெர்மனியில் செய்த இசை மென்பொருளோ எங்கட வீட்டுக்குள் வர யுத்தம் முடியும்வரை காத்திருந்தது. 1990களில் வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. பற்றரியே இல்லாத இடத்தில் அட்டாரிக்கு எங்க போறது?

கோடம்பாக்கத்தின் கதை

கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில் கதை வேறு. 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா சீக்குவன்சரைப் பயன்படுத்தினார். அந்தக் காலத்தில் அவரது குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் திலீப் என்ற இளைஞர் ஒருவர். அவர்தான் பிறகு ஏ.ஆர். ரஹ்மான். 1989இல் தன் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தைக் கட்டினார். 1992இல் 'ரோஜா'.

இந்த மாற்றத்தை நாங்கள் வழமையாக 'ஒலி மாறியது' என்று சொல்லுவோம். மாறியது வேலை செய்யும் மேசையும்தான். இளையராஜா கையால் நொட்டேஷன் எழுதி, அதை வாத்தியக்காரருக்குப் பிரித்துக் கொடுத்து, எல்லாரும் ஒன்றாக வாசிக்கப் பதிவு செய்தார். அவரது இடைமுகம் காகிதமும் எதிரே இருந்த மனிதர்களும். ரஹ்மான் தலைமுறைக்கு இசையைப் பார்க்கும் இடம் திரை. முதலில் ஒரு தாளத்தை வைத்து, அதன் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம், பிறகு எதையும் எடுத்துவிடலாம். தடங்களை ஒன்றின்கீழ் ஒன்றாகக் காட்டும் திரைக்கு முன்னால் இருப்பவர் அடுக்கடுக்காக யோசிக்கத் தொடங்குவார். காகிதத்துக்கு முன்னால் இருப்பவர் வேறு மாதிரி யோசிப்பார். எது பெரிசு எது சின்னன் என்ற சண்டைக்கு நாங்கள் வரவில்லை. மேசை இசைக்குள் புகுந்துவிடும் என்பதுதான் விசயம்.

கட்டத்துக்குள் அடங்காததை இவர்கள் என்ன செய்தார்கள்? புல்லாங்குழலையும் வீணையையும் குரலையும் உண்மையான கலைஞர்களை வைத்தே பதிவு செய்து கட்டத்தின் மேல் போர்த்தினார்கள். அதாவது திரை கொடுக்காததை மனிதரிடம் வாங்கினார்கள். அதற்குப் பணமும் கலைஞர்களும் நல்ல மைக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். கையில் ஒரு பழைய லப்டொப் மட்டும் உள்ள பெடியனுக்குக் கட்டம் மட்டும்தான் மிச்சம்.

இந்தச் சண்டை எங்களுக்குப் புதிசில்லை

'கட்டைக்குள் எங்கட சங்கீதம் அடங்குமா?' என்ற கேள்வியைக் கொம்பியூட்டர் கொண்டுவரவில்லை. ஆர்மோனியம் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் இருந்து வந்த அந்தப் பெட்டி நாடக மேடைக்கும் பஜனைக்கும் வீட்டுக்கும் பரவியபோது, அதில் கமகம் வராது, சுரங்களுக்கு நடுவே வழுக்க முடியாது என்று எதிர்ப்பு வந்தது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடையே செய்தது. அந்தத் தடை 1971வரை நீடித்தது. ஒரு இடைமுகத்துக்கு ஒரு அரச நிறுவனம் 30 வருஷம் தடை போட்ட கதை இது. தடையால் ஆர்மோனியம் ஒழிந்ததா? இல்லை. சனம் அதைத் தங்கட கைக்கு வளைத்துக்கொண்டது. பாடுபவர் கமகத்தைக் குரலில் வைத்துக்கொண்டு பெட்டியைத் துணைக்கு விட்டார்.

இதற்கும் முன்பே, 1917இல், தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். ஒரு ஸ்தாயியில் சுருதி 22 என்று பலர் சொல்லிவந்த காலத்தில், இல்லை, சமமான 24 என்று கணக்குப் போட்டு வாதாடினார். இன்றைய சொல்லில் சொன்னால், பியானோ ரோலில் ஒரு ஸ்தாயிக்கு எத்தனை வரி கீற வேண்டும் என்ற விவாதம் அது. அவருடைய விடையை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் வரியின் எண்ணிக்கை வானத்தில் இருந்து விழுவதில்லை, ஆட்கள் கூடித் தீர்மானிப்பது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூன்றாவது ஆள் எங்களுக்குச் சொந்தக்காரர். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பெடுத்து நடத்தியவர். வழக்கொழிந்துபோன ஒரு வாத்தியம் எப்படி இருந்திருக்கும், அதில் நரம்புகள் எந்தச் சுரத்துக்குக் கட்டப்பட்டிருக்கும் என்று பழைய இலக்கியத்தையும் கணிதத்தையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பல வருஷம் தேடினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார். அவர் செய்த வேலையைப் பார்த்தால், இசைக் கருவியின் அமைப்பும் இசையின் அமைப்பும் ஒன்றையொன்று தீர்மானிக்கும், இதைத் தெரிந்துகொள்ள மொழியும் விஞ்ஞானமும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்று விளங்கும். கலைப்பீடத்துப் பிள்ளைகளான நாங்கள் 'மென்பொருள் வடிவமைப்பு எங்கட பாடம் இல்லை' என்று சொல்ல முன்னம் ஒருக்கா அவரை நினைக்க வேணும்.

கதவு திறந்த ஐந்து வருஷம்

1997க்கும் 2001க்கும் இடையில் இசை மென்பொருளின் முகம் நாலு திசையில் மாறியது.

1997இல் பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனத்துக்காக டிடியே டொம்ப்ரான் என்ற இளைஞர் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற சின்ன மென்பொருளை எழுதினார். பிற்பாடு அதுதான் எஃப்.எல். ஸ்டூடியோ. அது போட்ட மேசை டிரம் மெஷினின் மேசை: ஒரு வரியில் 16 பட்டன்கள், நாலு நாலாக நிறம் மாறும். அழுத்திய இடத்தில் அடி விழும். நொட்டேஷன் தெரியத் தேவையில்லை, பியானோ தெரியத் தேவையில்லை. உலகம் முழுக்க ஏழைப் பெடியள் இதில் இசை செய்யப் பழகியதற்கு அந்த 16 பட்டன்தான் காரணம்.

2000இல் சுவீடனில் இருந்து ரீசன் வந்தது. அது உண்மையான கருவிகளை இராக்கையில் அடுக்கிய மாதிரியே வரைந்திருந்தது. ஒரு விசையை அழுத்தினால் இராக்கை பின்பக்கம் திரும்பும், வயர்கள் ஆடிக்கொண்டு தொங்கும். 2001இல் பெர்லினில் இருந்து வந்த ஏபிள்டன் லைவ் நேர் எதிர். வயர் இல்லை, மர நிறம் இல்லை, பளபளப்பு இல்லை, எல்லாம் தட்டையான சாம்பல் பெட்டிகள், ஒரே ஜன்னல். செய்தவர்கள் தாங்களே மேடையில் வாசிக்கிறவர்கள், இருட்டில் சின்ன லப்டொப் திரையில் என்ன தெரிய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஐபோன் தன் தோல், மரம், பளபளப்பு எல்லாவற்றையும் 2013இல் கைவிட்டுத் தட்டை ஆனபோது, ஏபிள்டனுக்கு அது பன்னிரண்டு வருஷப் பழங்கதை.

அதே 2001இல் ஜெர்மனியில் பீட்டர் நொய்பெக்கரின் மெலோடைன் வந்தது. எங்களுக்கு இது மற்ற எல்லாத்தையும்விட முக்கியம். பாடிய குரலை அது உருண்டை உருண்டையாகக் காட்டும். ஒவ்வொரு உருண்டைக்கு நடுவாலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு, குரல் உண்மையில் எங்கெங்கே ஏறி இறங்கியது என்பதன் படம். கட்டை எந்த இடம் என்று மட்டும் சொல்லும் பியானோ ரோலுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். ஒரு தோடி ராகக் காந்தாரத்தைப் பாடி அந்தக் கோட்டைப் பார்த்தால், 'அசைவுதான் சுரம்' என்று சங்கீத வாத்தியார் சொன்னது கண்ணுக்குத் தெரியும். அதே திரையில் ஒரு கட்டளை கொடுத்து அந்தக் கோட்டை நேராக்கிவிடவும் முடியும். காட்டுவதும் அழிப்பதும் ஒரே ஜன்னலில்.

இந்தக் காலத்தில்தான் லண்டனில் ஒரு ஈழத்துப் பெண், நுண்கலைக் கல்லூரியில் படித்தவர், இசை படிக்காதவர், ரோலண்ட் எம்.சி.505 என்ற பட்டன் பெட்டியில் தட்டித் தட்டிப் பாட்டுச் செய்யத் தொடங்கினார். 2005இல் 'அருளர்' என்ற இசைத்தட்டோடு உலகத்துக்கு மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று தெரியவந்தது. பியானோவும் நொட்டேஷனும் கேட்கும் மேசை என்றால் அவர் வெளியில் நின்றிருப்பார். பட்டன் பெட்டி அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நவீனமாக்கலின் கணக்கு

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். கடந்த பத்துப் பதினைந்து வருஷமாக எல்லா மென்பொருளும் முகம் மாற்றுகின்றன. காரணங்கள் நியாயமானவை. பழைய முகங்கள் புள்ளி புள்ளியாக வரைந்த படங்கள். புதிய நுண்திரைகளில் அவை எறும்பு மாதிரிச் சின்னதாகிவிடும், பெருப்பித்தால் மங்கும். ஆகவே எவ்வளவு பெருப்பித்தாலும் மங்காத கோட்டுருவங்களுக்கு மாறினார்கள். எஃப்.எல். ஸ்டூடியோ 2015இல் 12ஆம் பதிப்போடு அப்படி மாறியது.

ஆனால் முகம் மாறும்போது யாரோ ஒருவர் வாசலுக்கு வெளியே போவார். மிருதங்கக்காரர் ஒருவரிடம் ஒவ்வொரு வருஷமும் வலந்தலையையும் தொப்பியையும் இடம் மாத்திப் பூட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? கை பழகியதுதான் வித்தை. அதை ஒரு அப்டேட் அழித்துவிடலாம். இதைவிடப் பெரிய வெளியேற்றங்களும் உண்டு. 2002இல் அப்பிள், லொஜிக்கைச் செய்த ஈமேஜிக் நிறுவனத்தை வாங்கியது. வாங்கிய கையோடு விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. அன்றில் இருந்து லொஜிக்கின் அழகான முகத்தைப் பார்க்க அப்பிள் கருவி வாங்கும் காசு வேண்டும். 2017இல் கிப்சன் நிறுவனம் கேக்வோக்கைக் கைவிட்டது. 30 வருஷம் ஓடிய மென்பொருள் அது. 2018இல் சிங்கப்பூரின் பாண்ட்லாப் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. அதே பாண்ட்லாப்பின் போன் செயலியில் லப்டொப்பே இல்லாத தங்கச்சிமார் இன்று பாட்டுச் செய்கிறார்கள். மேசை போகவும் செய்யும், வரவும் செய்யும். இரண்டையும் தீர்மானிக்கிறவர் நாங்கள் இல்லை.

கண் தெரியாத இசைக்கலைஞர்களின் நிலைமை இன்னும் கூர்மையானது. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் உதவியோடு அவர்கள் வேலை செய்கிறார்கள். 'இது ஒரு பட்டன், இதன் பெயர் இது' என்று நிரலுக்குள் எழுதியிருந்தால்தான் அதற்கு வாசிக்க முடியும். வடிவமைப்பாளர் அழகுக்காகத் தானே வரைந்த பட்டன் அதற்கு வெறும் படம். எனவே புதிய முகம் கண்ணுக்கு எவ்வளவு வடிவோ, அவ்வளவுக்குச் சிலருக்கு ஊமையாகிவிடலாம். யுத்தம் பலரின் கண்ணைப் பறித்த மண்ணில் இருந்து எழுதுகிறோம். இது எங்களுக்கு ஓரக் குறிப்பு இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் வெளிப்படையாக நடந்த ஒரு இடம் ஓடாசிட்டி. 1999இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000இல் வெளியான இலவச மென்பொருள். யாரும் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். இருபது வருஷம் அதன் முகம் பெரிதாக மாறவில்லை. ஒரு ஒலித்துண்டை நகர்த்த வேண்டுமென்றால் அதற்கெனத் தனியாக ஒரு கருவியை எடுத்து, நகர்த்தி, திரும்ப மற்றக் கருவிக்கு மாற வேண்டும். பழகியவருக்கு அது பழகிப்போச்சு. புதிதாக வந்தவர் துண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, மென்பொருள் பழுது என்று நினைத்துப் போய்விடுவார்.

2021இல் மியூஸ் குழுமம் அதைப் பொறுப்பெடுத்தது. முகத்தை மாற்றும் பொறுப்பு மார்ட்டின் கீரி என்பவருக்கு. அவர் இசையமைப்பாளர், வடிவமைப்பாளர், இசை மென்பொருட்களின் முகங்களைக் கிண்டலடித்து யூடியூபில் நீள நீளமான வீடியோ போட்டுப் பேரெடுத்தவர். மியூஸ்கோர் என்ற நொட்டேஷன் மென்பொருளையும் இப்படிக் கிழித்தார். பிறகு அதைத் திருத்தும் வேலையே அவரிடம் வந்தது. 2021 முடிவதற்குள் ஓடாசிட்டியில் துண்டுகளுக்கு ஒரு கைப்பிடி வந்தது, பிடித்து இழுத்தால் நகரும். 2022இல் எதிரொலி போன்ற விளைவுகளைக் கேட்டுக்கொண்டே மாற்ற முடிந்தது. 2023இல் தாளக் கட்டங்கள் வந்தன. நான்காம் பதிப்புக்காக முழு முகத்தையும் புதிதாக எழுதத் தொடங்கினார்கள்.

ஆனால் அதே 2021இல் பாவனையாளரின் தரவைச் சேகரிக்கும் ஒரு யோசனையை வைத்தபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. சிலர் நிரலைப் பிரதியெடுத்துத் தனிக்குடித்தனமே போனார்கள். நிறுவனம் பின்வாங்க வேண்டி வந்தது. முகம் மாற்றுகிறவர் கையைப் பாவனையாளர் பிடிக்க முடிந்ததற்குக் காரணம் நிரல் திறந்திருந்ததுதான். லொஜிக்கின் விண்டோஸ் பாவனையாளர்களுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை.

எங்களுக்கு என்ன வேண்டும்?

கிழக்குக் கரையில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வேகத்தைத் தீர்மானிப்பது வலை. பாரம் கூடினால் பாட்டு இழுபடும், வலை கரைக்குக் கிட்ட வர வர வேகம் பிடிக்கும். இப்ப ஒரு மென்பொருளைத் திறவுங்கள். பலதில் நீங்கள் ஒன்றும் செய்யமுன்னமே 'நிமிஷத்துக்கு 120 அடி, நாலுக்கு நாலு' என்று எழுதியிருக்கும். மாற்றலாம், யாரும் தடுக்கவில்லை. வேகம் ஏறி இறங்குவதற்கென்றே தனித்தடமும் உண்டு. ஆனால் அது இரண்டு மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். கண்ட சாபு ஐந்தும் மிஸ்ர சாபு ஏழும் அப்படித்தான், செய்யலாம், ஆனால் பட்டன்களின் நிறம் நாலு நாலாகவே மாறும். எது முன்வாசலில், எது கோடிப்பக்கத்தில் என்று வைப்பதுதான் இடைமுகம். நாலுக்கு நாலு முன்வாசலில் இருப்பதால் பழக வரும் பெடியள் நாலுக்கு நாலைத்தான் இசை என்று நினைத்துப் பழகுகிறார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது புதுப் பெயின்ட் இல்லை. பியானோ ரோலைத் தூக்கி எறியச் சொல்லவும் இல்லை, ஆர்மோனியத் தடையால் ஒரு நன்மையும் வரவில்லை என்பதைப் பார்த்தோம். பியானோ ரோலுக்குப் பக்கத்தில் மெலோடைன் காட்டும் அந்த வளைகோட்டுக்கும் முன்வாசலில் இடம் வேண்டும். அதற்கான தொழில்நுட்பத் தடையும் குறைந்துவிட்டது: ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்கும் வசதி 2018இல் மிடியோடு அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. 2020இல் மிடி 2.0 வந்தது. திரையில் அதை யார் எப்படி வரைவது என்பதே மிச்சக் கேள்வி.

வாசலில் நுழைய எங்களுக்கு ஒரு வழி இப்பவே இருக்கிறது, மொழி. ஓடாசிட்டியின் முகத்தைப் பார்க்கக்கூடிய மொழிகளில் தமிழும் ஒன்று. அந்த மொழிபெயர்ப்பை யாரும் திருத்தலாம், கூட்டலாம். இதை வெறும் அகராதி வேலை என்று நினைக்க வேண்டாம். 'லூப்' என்பதற்கு 'வளையம்' என்று போடலாம். 'ஆவர்த்தனம்' என்று போட்டால் தாளம் தெரிந்த ஒருவருக்கு உடனே பொருள் பிடிபடும், கூடவே நாலுக்கு நாலு அல்லாத ஒரு உலகமும் திறக்கும். ஆனால் தாளமில்லாத ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதற்கு ஆவர்த்தனம் பொருந்துமா? 'ட்ராக்' தடமா, வரிசையா? 'ஃபேட்' என்பதை 'மங்கல்' என்றால் கண்ணுக்கா காதுக்கா? கூத்து அண்ணாவிமாரிடமும், நாகஸ்வரம் வாசிக்கிறவரிடமும், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் றபான் அடித்துப் பாடுகிற பக்கீர்மாரிடமும் இதற்கெல்லாம் சொல் இருக்கும். கேட்டு எழுதி, ஒப்பிட்டு, தேர்ந்தெடுப்பது கலைப்பீடத்துப் பிள்ளையின் வேலை. நிரல் எழுதத் தெரியத் தேவையில்லை.

அடுத்த வாரம் முதல் எங்கட குழுவில் இந்தச் சொற்பட்டியல் வேலையைத் தொடங்குகிறோம். இசை செய்யும் மென்பொருள் ஒன்றில் உங்களைக் குழப்பிய ஒரு பட்டனின் பெயரையும், அது செய்யும் வேலைக்கு உங்கட வீட்டில், கோயிலில், கரையில், கூத்துக் களரியில் சொல்லும் சொல்லையும் எழுதி அனுப்புங்கள். ஒரு ஆளுக்கு ஒரு சொல் போதும்.